அடியில், சிறிய எழுத்தில்

கடலூரில் பாதி ஃபிளெக்ஸ்
என் பெயரில்தான் முடியும்.
வலது மூலையில், எறும்பு அளவில்:
பாடலீஸ்வரன், மஞ்சக்குப்பம்.
பக்கத்தில் பத்து எண்கள்.

சாமி பெயரைப் பிள்ளைக்கு வைக்கிற ஊர்.
திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டில்
ஒருமுறை உரக்கக் கூப்பிட்டால்
ஒரு டவுன் பஸ் காலியாகும்.
அவர்களில் மூன்று பேர் பிரபலம்.
மூன்று பேரையும் பெரிதாக அடித்துக் கொடுத்தவன் நான்.

கண் டாக்டரின் இலவச முகாம் பேனர்
ஏறிய நாளிலிருந்து எனக்கு ஃபோன்:
"சார், சொட்டு மருந்து விட்டா எரியுதே?"
முதலில் ராங் நம்பர் என்றேன்.
இப்போதெல்லாம்,
"கசக்காதீங்க, ஆஸ்பத்திரி நம்பர் எழுதிக்குங்க."

வக்கீல், சங்கத் தேர்தலில் நின்று தோற்றார்.
ஆனாலும் நெல்லிக்குப்பத்துப் பெரியவர் ஒருவர்
மாதம் தவறாமல் என்னிடம் கேட்கிறார்:
"வாய்தா எப்பங்க?"
கரும்புப் பண பாக்கி. பன்னிரண்டாவது வருஷம்.
நான் வக்கீல் இல்லை என்று
அவருக்கு எப்போதோ தெரியும்.
என்னிடம் கேட்டால் செலவில்லை என்பதும் தெரியும்.

கபடிக்காரனுக்கு மாநில அணியில் இடம் கிடைத்தபோது
இருபதடி கட்அவுட்.
இரவு பதினொன்றுக்கு மேல் ஒரு பெண் அழைப்பாள்.
பேச மாட்டாள். மூச்சு மட்டும்.
பாடிப் போனவன்போல
நானும் மூச்சைப் பிடித்திருப்பேன்.
யார் முதலில் விடுகிறோமோ அவர் அவுட்.

ஐப்பசி பிறந்தால் வேறு குரல்கள்.
விடியாத நேரம், பின்னால் என்ஜின் இரைச்சல்:
"கூண்டு எத்தனண்ணே?"
எந்த பேனரைப் பார்த்து எண்ணை எடுத்தார்களோ,
எந்தப் பாடலீஸ்வரனைத் தேடுகிறார்களோ.
கோழிக்கடைக்காரனாக இருக்கும் என்று நினைத்தேன்.

போன செவ்வாய் ஒருவன் பென்டிரைவோடு வந்தான்.
"மாமனார். ஆறுக்கு நாலு. ரெண்டு போதும்."
பெயர் கேட்டேன்.
சொன்னான்.
கண்ணீர் அஞ்சலிக்குக் கீழே
பா, ட, லீ என்று அடித்தேன்.
கீபோர்டுக்கு வித்தியாசம் தெரியவில்லை.
படத்தில் காக்கிச் சட்டை, முதுகுக்குப் பின்னால் கம்பம்.
"என்ன வேலைன்னு போட?"
"துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்துவாரு.
தானே வந்தப்பவும் அவருதான்."

மேலே ஒரு பாடலீஸ்வரன்,
சிவப்பில், தோற்றம் மறைவு தேதிகளோடு.
கீழ் மூலையில் இன்னொருவன்,
எண்ணோடு.
காலை ஏழுக்குள் முப்பது ஃபோன்.
என் குரலைக் கேட்டும் மைத்துனன் அழுதான்.
லேமினேஷன் காதர் பாய் மட்டும்
"இருக்கியா?" என்றார்.
"இருக்கேன்."
"சரி, ஒண்ணாந்தேதி பணம்" என்று வைத்துவிட்டார்.

மற்றவர்களையும் ஊர் விட்டிருக்காது.
முதுநகர் வீட்டு வாசலில்
டாக்டர் காரிலிருந்து இறங்கினார்.
வக்கீல் கோட்டைக் கழற்றிக் கையில் மடித்திருந்தார்.
கபடிக்காரன் முழங்கால் கட்டோடு
ஷேர் ஆட்டோவில் வந்தான்.
செத்தவரை எங்களில் யாரும் பார்த்ததில்லை.
ஏன் வந்தோம் என்று ஒருவரையொருவர் கேட்கவுமில்லை.
என்னை மட்டும் அவர்களுக்குத் தெரியவில்லை.
பெயரைச் சொன்னேன்.
"ஓ, அந்த நம்பர்!" என்றார் டாக்டர்.

சுடுகாட்டில் ரசீது எழுதுகிறவர்
கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கத்தினார்:
"பாடலீஸ்வரன்!"
நாலு கைகள் உயர்ந்தன.

நேற்று நாலரை மணி.
காற்று, அதற்குள் ஒரு குரல்:
"பாடலீஸ்வரண்ணனா? கூண்டு எத்தன?"
அவர் போய்விட்டார் என்று சொல்ல வாயெடுத்தேன்.
அந்தப் பக்கம் நங்கூரக் கயிறு
பலகையில் உரசுவது கேட்டது.
"லைன்லயே இருங்க" என்று
சட்டையைத் தேடினேன்.
உப்பனாற்றுப் பாலத்தில் ஏறினால்
கம்பத்து விளக்கு தெரியும்.
எத்தனை சிவப்பு, எத்தனை வெள்ளை என்று
எண்ணிச் சொல்லலாம்.